மூளைச் செல்லுக்கு என்ன வயது?

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். கடன் சொல்லிப் போனவர்களின் கணக்கையெல்லாம் ஒரு நீள நோட்டில் தம் கையாலேயே எழுதி வைப்பார். ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவு இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்த எழுத்து சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும். வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். கண்ணில் கோளாறு என்று எண்ணிக் கண்ணாடியை மாற்றினோம். பயன் இல்லை. பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலக்கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடலாயின. மருத்துவர் அந்தக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார், பெரியப்பாவை நாலடி நடக்கச் சொன்னார், 'பார்க்கின்சன் நோய்' என்றார்.

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் மருத்துவர் இந்நோயை விரிவாக விவரித்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பட்டை உண்டு. அதிலுள்ள நரம்புச் செல்கள் 'டோபமின்' என்னும் பொருளைச் சுரந்து, உடலின் அசைவுகளைச் சீர்ப்படுத்தும் பகுதிக்கு அனுப்புகின்றன. இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிவதுதான் நோய். கை நடுக்கம் வெளியே தெரியும்போது அவற்றில் பெரும் பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

ஒருநாள் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். பெருநகர் ஒன்றிலுள்ள மருத்துவ நிலையம் ஒன்று, ஊசி மூலம் புதிய மூளைச் செல்களை வளர்த்துத் தருவதாக அதில் அச்சிட்டிருந்தது. பல லட்சம் ரூபாய் ஆகும். ஊருக்கு வடக்கே இருக்கும் நிலத்தை விற்றால் கிடைக்கும்.

"தம்பி, நீ காலேஜில் பாடம் எடுக்கிறவன். இது நடக்குமா, நடக்காதா? ஒரே வார்த்தையில் சொல்லு" என்றார்.

"நடக்காதுண்ணே. மூளைச் செல் செத்தால் செத்ததுதான். புதுசா முளைக்காது. பள்ளிக்கூடத்திலேயே படித்தோமே!" என்றேன்.

மாணவ நண்பர்களே, நான் அன்று சொன்ன விடையில் பாதி தவறு. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நான் இயற்பியல் ஆசிரியன். உயிரியல் எனக்கு அயல்வீடு. ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோது, அங்கே மிக முக்கியமான ஒரு வழக்கைத் தீர்த்து வைத்தது நம் வீட்டுச் சாமான்தான் என்று கண்டேன். கார்பன்-14! அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

(ஒரு சொல் பற்றி முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். 'உயிரணு' என்பது அழகான சொல்லே. ஆயினும் இக்கட்டுரையில் 'அணு' என்னும் சொல்லுக்கு வேறு வேலை நிறைய இருப்பதால், 'செல்' என்றே எழுதுகிறேன்.)

வாழை மரமும் மூளையும்

உங்கள் முழங்காலில் தோல் உரிந்தால் ஒரு வாரத்தில் புதுத்தோல் வந்துவிடுகிறது. இரத்தச் சிவப்புச் செல்கள் நான்கு மாதம் போல வாழ்ந்து மடிய, புதியவை அவற்றின் இடத்துக்கு வருகின்றன. இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? வாழை மரத்தைப் பாருங்கள். விரிந்த இலை இன்னோர் இலையை ஈனுவதில்லை. நடுவிலுள்ள குருத்திலிருந்துதான் புது இலை வருகிறது. உடலிலும் அப்படியே. முதிர்ந்து தொழிலில் அமர்ந்துவிட்ட செல் பொதுவாகப் பிரிவதில்லை. பிரிந்து புதியவற்றைத் தருவதற்கென்றே 'குருத்துச் செல்கள்' உள்ளன.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றுக்குக் குருத்து உண்டா? இல்லை என்பதே நெடுங்காலக் கருத்து. நரம்புச் செல்களைச் சாயமேற்றி உருப்பெருக்கியில் கண்டு வரைந்த ஸ்பெயின் நாட்டு மேதை ரமோன் இ காஹால், 1906இல் நோபல் பரிசு பெற்றவர், அப்படித்தான் கருதினார். அவர் சொன்னபின் மறுப்பார் யார்? பாடநூல்களிலும் அதுவே ஏறியது.

1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யை இரட்டித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய செங்கற்களில் ஒன்று தைமிடின். இந்தத் தைமிடினில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக டிரிட்டியத்தை வைத்து எலிக்குச் செலுத்தினார். அந்த நேரத்தில் எந்தச் செல் பிரிகிறதோ அதன் டி.என்.ஏ.யில் மட்டும் டிரிட்டியம் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னர் எலியின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, மேலே ஒளிப்படப் பசையைப் பூசி, வாரக்கணக்கில் இருட்டில் வைத்தால், டிரிட்டியத்தின் பீட்டா துகள்கள் அந்தப் பசையில் கரும்புள்ளிகளை இடும்.

ஏன் டிரிட்டியம்? அதன் பீட்டா துகளுக்கு ஆற்றல் மிகக் குறைவு. திசுவில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தூரம் போவதற்குள் நின்றுவிடும். எனவே புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான் அந்த டி.என்.ஏ. இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வலுவற்றதாக இருப்பதே இங்கு அதன் பெருமை!

ஆல்ட்மனும் அவருடன் உழைத்த கோபால் தாஸும் 1965இல் வெளியிட்ட முடிவு: வளர்ந்த எலியின் மூளையிலும் நரம்புச் செல்கள் புதிதாகத் தோன்றுகின்றன, குறிப்பாக 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதியில். புதிய நினைவுகளைப் பதிவு செய்வதில் இப்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர்.

அறிவியல் உலகம் இதைக் கொண்டாடியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை. 1980களில் நியூயார்க்கில் ஃபெர்னாண்டோ நாட்டபோம், வளர்ந்த கானரிப் பறவைகளின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் தோன்றுவதைக் காட்டினார். 'பறவைக்கு நடக்கலாம், குரங்குக்கு நடக்காது' என்றார்கள். 1985இல் குரங்குகளில் தேடிய பாஸ்கோ ராகிச் என்னும் வல்லுநர் தமக்கு அப்படி எதுவும் தென்படவில்லை என்றே எழுதினார். மனிதரில் சோதிக்கவோ வழியில்லை. ஆராய்ச்சிக்காக ஒருவருக்கு டிரிட்டியம் ஏற்றிவிட்டு, அவர் மூளையைச் சீவிப் பார்க்க முடியுமா?

ஒரு குறுக்கு வழி 1998இல் கிடைத்தது. புற்றுநோய் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று அறிய, சில நோயாளிகளுக்குத் தைமிடினைப் போன்ற வேறொரு குறிப்பொருளைக் கொடுத்திருந்தனர். அவர்களுள் இறந்துபோன ஐவரின் மூளையை, அவர்கள் ஒப்புதலோடு, சுவீடனைச் சேர்ந்த பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃப்ரெட் கேஜும் ஆராய்ந்தனர். ஹிப்போகாம்பஸில் அந்தக் குறியுடன் நரம்புச் செல்கள் இருந்தன. அப்படியானால் வயதுவந்த மனிதரிலும் உண்டு! ஆனால் ஐந்தே பேர். எத்தனை தோன்றுகின்றன, எத்தனை ஆண்டு நிலைக்கின்றன என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. வேறு எவருக்கும் அப்பொருளைக் கொடுத்துப் பார்க்கவும் முடியாது.

இப்படி வழி அடைபட்டு நின்றபோது, உலக மக்கள் அனைவருக்கும் ஏற்கெனவே ஒரு குறிப்பொருள் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஒருவருக்குப் பொறி தட்டியது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசென் அவர்.

குண்டு போட்ட முத்திரை

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நியூட்ரான்கள் உண்டாகின்றன. ஒரு நியூட்ரான் நைட்ரஜன்-14 அணுக்கருவில் மோதி உள்ளே புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், கிடைப்பது கார்பன்-14. இதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். பழம்பொருள்களின் காலத்தைக் கணிக்க இது உதவுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். காற்றில் சுமார் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இது கலந்திருக்கிறது.

1950களின் நடுவிலிருந்து அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டுகளையும் ஹைட்ரஜன் குண்டுகளையும் திறந்த வெளியில் வெடித்தன. வெடித்த குண்டிலிருந்து கொட்டிய நியூட்ரான்களும் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக்கின. 1963இல் திறந்தவெளி வெடிப்புகளை நிறுத்த அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் ஆகிய மூன்றும் உடன்பாடு செய்துகொண்ட சமயத்தில், வடகோளக் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. அதன்பின் அது ஆண்டுதோறும் இறங்கியது. சிதைந்து குறைந்ததா? இல்லை. 5,730 ஆண்டு அரை ஆயுள் உடைய பொருள் இருபது ஆண்டில் என்ன குறைந்துவிடும்! கடலும் செடிகொடிகளும் அதை உறிஞ்சிக்கொண்டன. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் வேறு, கார்பன்-14 அறவே இல்லாத கரியமில வாயுவைக் காற்றில் கலந்து விகிதத்தைக் குறைத்தன. இன்று அது குண்டுக்கு முந்திய அளவுக்கே வந்துவிட்டது.

ஆண்டைக் கிடைக்கோட்டிலும் கார்பன்-14 அளவைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைந்து பாருங்கள். 1955 வரை சமவெளி. 1963 வரை செங்குத்தான ஏற்றம். பிறகு மெல்லிய சரிவு. ஒரு பக்கம் மட்டும் நிமிர்ந்த மலை போன்ற படம் கிடைக்கும்.

இனி, நெற்பயிர் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுக்கிறது. நாம் சோறு உண்கிறோம். மாடு புல்லைத் தின்கிறது, நாம் பால் குடிக்கிறோம். எப்படிச் சுற்றினாலும் அந்தந்த ஆண்டுக் காற்றின் கார்பன்-14 விகிதம் நம் உடலுக்குள் வந்துவிடும். உடலின் மற்றப் பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு செல் தோன்றும்போது கட்டப்பட்ட டி.என்.ஏ., அது மீண்டும் பிரியாதவரை, பெரும்பாலும் அப்படியே இருக்கும். நாணயத்தில் அச்சிட்ட ஆண்டு போல! நாணயத்தை இன்று கையில் வாங்கினாலும், அது வார்க்கப்பட்ட ஆண்டைத்தானே காட்டும்?

ஆகவே ஒருவருடைய நரம்புச் செல்களின் டி.என்.ஏ.யில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்து, அதை அந்த மலைப் படத்தில் வைத்துப் பார்த்தால், செல் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். (ஒரே உயரம் மலையின் இரு பக்கத்திலும் வருமே, எந்தப் பக்கம் என்று எப்படி அறிவது? அந்த மனிதர் பிறந்த ஆண்டைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.)

எண்ணுவது எப்படி?

சொல்வது எளிது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.யில் சுமார் 640 கோடிப் படிகள். படிக்கு ஏறத்தாழ 20 கார்பன் அணுக்கள். ஆக 12,800 கோடிக் கார்பன் அணுக்கள். லட்சம் கோடிக்கு ஒன்றுதான் கார்பன்-14 என்றால், ஏழெட்டுச் செல்களைச் சேர்த்தால்தான் ஒரே ஒரு கார்பன்-14 அணு கிடைக்கும்!

ஐம்பது லட்சம் நரம்புச் செல்களைப் பிரித்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். அவற்றில் சுமார் ஆறு லட்சம் கார்பன்-14 அணுக்கள் இருக்கும். கைகர் கருவியை வைத்துச் சிதைவை எண்ணலாமா? அரை ஆயுள் 5,730 ஆண்டு என்பதால், ஓர் ஆண்டில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகமான பங்கு அணுக்கள்தாம் சிதையும். அதாவது ஆண்டுக்கு எழுபத்தைந்து சிதைவுகள் அளவில். ஐந்து நாளைக்கு ஒரு 'டிக்'! உட்கார்ந்து கேட்டால் தூக்கம் வரும்.

எனவே சிதைவதற்காகக் காத்திராமல், அணுக்களையே எடை வாரியாகப் பிரித்து எண்ணிவிடுகிறார்கள். இதற்கான கருவி முடுக்கி நிறைமானி. டி.என்.ஏ.யிலுள்ள கார்பனைக் கிராஃபைட் ஆக்கி, அதிலிருந்து எதிர்மின்னூட்டமுள்ள கார்பன் அயனிகளைக் கிளப்புகிறார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நைட்ரஜன்-14உம் கிட்டத்தட்ட அதே எடைதான்; அது கலந்தால் எல்லாம் பாழ். ஆனால் நைட்ரஜன் அணு ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றுக்கொண்டு நிலைத்து நிற்பதில்லை. எதிர்மின் அயனியாக மட்டும் வரலாம் என்று வாசலில் ஆள் நிறுத்தினால், நைட்ரஜன் தானாகவே வெளியே நின்றுவிடுகிறது! அடுத்து, கார்பன்-12உடன் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்தாலும் எடை 14. கார்பன்-13உடன் ஒன்று சேர்ந்தாலும் 14. இந்தப் போலிகளை ஒழிக்க, அயனிகளை உயர் மின்னழுத்தத்தால் முடுக்கி, மெல்லிய தகடு அல்லது வாயு வழியே பாய விடுகிறார்கள். எலெக்ட்ரான்கள் உரிந்து, மூலக்கூறுகள் உடைந்து போகின்றன. மிஞ்சும் கார்பன்களைக் காந்தப்புலம் எடைக்கேற்ப வளைக்கிறது. கனமானது குறைவாக வளையும். உங்கள் பாடநூலில் உள்ள அதே விதிதான்.

இதற்குமுன் நரம்புச் செல்களை மூளையின் மற்றச் செல்களிலிருந்து பிரிக்க வேண்டுமல்லவா? நரம்புச் செல்லின் கருவில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தைச் சேர்த்து, திரவத்தைத் துளித்துளியாக லேசர் ஒளியில் விழச் செய்கிறார்கள். ஒளிரும் துளிக்கு மின்னூட்டம் கொடுத்தால், இரு தகடுகளுக்கிடையிலுள்ள மின்புலம் அதை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையின் பேரன் என்று இதைச் சொல்வேன்.

கார்பனை எண்ணித் தந்தது கலிஃபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். அந்த ஆய்வகம் எதற்காகத் தோன்றியது தெரியுமா? அணு ஆயுதங்களை வடிவமைக்க! குண்டு செய்த வீட்டிலேயே குண்டின் சாம்பலை எண்ணியிருக்கிறார்கள்.

மலை சொன்ன விடை

2005இல் முதல் முடிவு வந்தது. முப்பதுகளின் இறுதியில் இருந்தவர்களின் விலாத்தசைச் செல்களுக்குச் சராசரி வயது சுமார் 15தான். ஆனால் சிந்தனை, பார்வை, பேச்சு முதலியவற்றை ஆளும் பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள்? மனிதரின் வயதே அவற்றின் வயது. 2006இல் புறணியின் பல பகுதிகளையும் ஆராய்ந்து இதையே உறுதி செய்தார்கள். பக்கவாதம் வந்து செல்கள் மடிந்த பின்னரும் புறணியில் புதியவை தோன்றவில்லை என்று 2014இல் கண்டார்கள். காஹால் சொன்னது இங்கே சரி.

ஹிப்போகாம்பஸ் மட்டும் வேறு விதமாகப் பேசியது. 2013இல் வெளியான கணக்குப்படி, வயது வந்தவரின் ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்குச் சுமார் 700 நரம்புச் செல்கள் புதிதாகச் சேர்கின்றன. ஆல்ட்மன் சொன்னது அங்கே சரி.

வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ குழு, குழந்தைப் பருவத்துக்குப்பின் புதிய செல்கள் தென்படவில்லை என்று எழுதியது. மறு மாதமே நியூயார்க் குழு, எழுபது வயதைக் கடந்தவரிலும் ஆயிரக்கணக்கில் உள்ளன என்று எழுதியது! இறந்தபின் மூளை எத்தனை மணி நேரம் கழித்துப் பதப்படுத்தப்பட்டது, எந்தச் சாயம் எதை ஒட்டுகிறது என்பவற்றைப் பற்றியே சண்டை. 2025இல் ஃப்ரிசென் குழு, 78 வயது வரையுள்ளவர்களின் ஹிப்போகாம்பஸில், பிரிந்துகொண்டிருக்கும் குருத்துச் செல்களையே இனம் கண்டு காட்டியது. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டது. சிலரிடம் ஏறக்குறைய இல்லை. என் கருத்தில் தராசு 'உண்டு' என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆனால் என் பெரியப்பாவுக்கு இதனால் என்ன? அவருக்கு மடிந்தவை ஹிப்போகாம்பஸ் செல்கள் அல்ல. டோபமின் சுரக்கும் பட்டைக்கு இயற்கை அப்படி ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே 'அங்கே தானாக முளைக்காது' என்று நான் சொன்னது சரி. 'நடக்கவே நடக்காது' என்று சொன்னதுதான் தவறு. தானாக முளைக்காததை நாற்றங்காலில் வளர்த்து நடலாம் அல்லவா?

நாற்று நடும் முயற்சி

1987இல் சுவீடனின் லுண்ட் நகரில் அப்படி நட்டார்கள். நாற்றாக எடுத்தது, கருச்சிதைவில் கிடைத்த கருக்களின் மூளைத் திசு. சில நோயாளிகள் பல ஆண்டுகள் நல்ல பயன் பெற்றனர். ஆனால் 2001, 2003ஆம் ஆண்டுகளில் வெளியான, ஒப்பீட்டுடன் கூடிய இரண்டு அமெரிக்கச் சோதனைகளில் எதிர்பார்த்த பயன் இல்லை. சிலருக்கு அடக்க முடியாத வேறு அசைவுகள் தோன்றின. மேலும் ஒரு நோயாளிக்குப் பல கருக்களின் திசு வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரம். 2008இல் இன்னொரு சங்கடம் தெரிந்தது. நட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆன அந்த இளஞ்செல்களிலும், நோயின் அடையாளமான புரத உருண்டைகள் சிலருக்குத் தோன்றியிருந்தன. நோயுள்ள மண்ணில் நட்ட நாற்றையும் நோய் பிடிக்கிறது.

திருப்பம் வந்தது ஜப்பானிலிருந்து. முதிர்ந்த தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது மீண்டும் குருத்தாகிவிடும் என்று ஷின்யா யாமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார். விரிந்த வாழை இலை மறுபடி சுருண்டு குருத்தானதைப் போல! 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குருத்துக்கு உரிய வேதிப்பொருள்களை உரிய நாளில் கொடுத்தால், டோபமின் செல்லாகும் பாதையில் அது போகும். எத்தனை வேண்டுமானாலும் ஒரே தரத்தில் வளர்க்கலாம்.

2018இல் கியோட்டோ நகரில் ஜுன் தகஹாஷியின் குழு இத்தகைய செல்களை மனித மூளையில் வைத்தது. எங்கே வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. செல்கள் மடிந்த கரும்பட்டையில் அல்ல. டோபமின் போய்ச் சேர வேண்டிய 'புட்டமென்' என்னும் பகுதியில். முதிர்ந்த மூளைக்குள் நீண்ட தூரம் நரம்பு இழையை ஓட்டுவது அரிது என்பதால், கிணற்றை வயலிலேயே தோண்டிவிட்டார்கள்.

நட்டது உயிரோடு இருக்கிறதா என்று மண்டையைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது? மறுபடியும் நம் வீட்டுச் சாமான்! டோபமினாக மாறும் பொருளான 'டோபா'வில் ஃப்ளூரின்-18ஐ இணைத்துச் செலுத்துகிறார்கள். உயிருள்ள டோபமின் செல்கள் அதை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். அது வெளிவிடும் பாசிட்ரான் அருகிலுள்ள எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. எலெக்ட்ரானின் நிறையை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். இதே எண்தான் வரும். தலையைச் சுற்றிலும் வளையமாக அமைந்த உணர்கருவிகளில் ஒரே கணத்தில் எதிரெதிரே இரண்டு பதிவுகள் விழுந்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்தச் செல் இருக்கிறது. ஆயிரமாயிரம் கோடுகள் சேர்ந்தால் படம்.

2025 ஏப்ரலில் முடிவுகள் வெளியாயின. ஏழு நோயாளிகள், வயது 50 முதல் 69. இரண்டு ஆண்டுகளில் கடுமையான தீங்கு எதுவும் இல்லை, கட்டியும் வளரவில்லை. பிரிவதை நிறுத்தாத ஒரு சில செல்கள் கலந்திருந்தாலும் மூளையில் கட்டியாகிவிடும் என்பதே இம்முறையின் பெரிய அச்சம் என்பதால், இது சிறிய செய்தி அன்று. புட்டமெனில் டோபா சேர்வது சராசரியாக 45 சதவீதம் அளவு கூடியிருந்தது. பயன் உண்டா என்று ஆராயப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தின் வேகம் இறங்கிய நேரத்திலும் அசைவுகள் முன்னைவிடச் சீராயிருந்தன. அதே சமயம், கருக் குருத்துச் செல்களிலிருந்து வளர்த்த டோபமின் செல்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிரண்டு பேருக்கு வைத்த முடிவும் வெளியாயிற்று. அதிலும் பெருந்தீங்கு இல்லை.

ஏழும் பன்னிரண்டும் பத்தொன்பது. இந்த எண்ணைத்தான் அண்ணனிடம் மீண்டும் போய்ச் சொன்னேன். உலகின் தலைசிறந்த ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, மண்டையோட்டில் துளையிட்டு, குறித்த இடத்தில், குறித்த எண்ணிக்கையில் செல்களை வைத்து, உடல் அவற்றை எதிர்க்காதிருக்க மருந்தும் கொடுத்து, 'தீங்கில்லை போலும். பயன் உண்டா என்று மேலும் பார்ப்போம்' என்கின்றன. அந்த விளம்பரத் தாளோ இடுப்பில் ஓர் ஊசி போதும் என்கிறது! என்ன செல், எத்தனை, மூளையில் எங்கே போய்ச் சேரும், சேர்ந்ததை எந்தப் படத்தில் காட்டுவார்கள்? தாளில் ஒன்றுமில்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்குக் குருத்துச் செல் என்பது இன்னும் சிகிச்சை அன்று. அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடத்தலாம். அந்த நிலையத்துக்கு அண்ணன் தொலைபேசியில் பேசி, சோதனைக்குரிய பதிவு எண்ணைக் கேட்டார். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்களாம். நிலம் இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

பெரியப்பா இதையெல்லாம் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடுவது லெவோடோபா மாத்திரை. மூளைக்குள் சென்று டோபமினாக மாறும் இப்பொருள், நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் உண்டு. (அதற்காக விதையை அரைத்துக் குடிக்கப் போக வேண்டாம். அளவு தெரியாத மருந்து மருந்தன்று.) மாத்திரை வேலை செய்யும் சில மணி நேரம் பெரியப்பாவின் கை ஓரளவு அடங்கியிருக்கும்.

அடுத்தகட்டச் சோதனைகளில் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செல்லை வைப்பதும், மற்றதற்கு வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்வதும் உண்டு என்று அவரிடம் சொன்னேன். வைத்தார்களா இல்லையா என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

"மண்டையில் கீறிவிட்டு, உள்ளே ஒன்றும் வைக்காமல் மூடிவிடுவார்களா?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியப்பா. நம்பிக்கையாலேயே சிலருக்குக் கை கொஞ்சம் தேறும். அந்தத் தேற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் செல்லின் பயனைக் கணக்கிட வேண்டும். முன்பு கருத் திசுவை வைத்தபோதும் இப்படிக் கழித்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது."

சற்று நேரம் யோசித்தார். "தராசில் வெறுந்தட்டை முதலில் சரிபார்க்கிற மாதிரி" என்றார். பிறகு, "முடிவு வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார்.

சில ஆண்டுகள் ஆகும் என்றேன்.

"எழுதி வை" என்று சொல்லிக் கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளினார்.